காத்து முப்பது

"சார் வரலீங்களா?" என்று கேட்டார் கண்ணுசாமி.

வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அவர் பட்டறை வாசலில் நிறுத்தியவள் நான். கதவைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியவளும் நான். சாவி என் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாமக்கல்லில் அது நான் ஏறி இறங்கிய நாலாவது பட்டறை. நாலு பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எந்தச் சாருங்க?" என்றேன்.

"இல்லீங், வண்டிக்காரரு..."

"வண்டிக்காரி நாந்தானுங்க. ஆர்.சி. புக்கை எடுத்துக் காட்டட்டுமா, இல்ல வண்டியப் பாக்கறீங்களா?"

மனிதர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த கோணிச் சாக்கை இழுத்துப் போட்டு, வண்டிக்கு அடியில் போய்விட்டார். மற்ற மூன்று பேரும் செய்யாத வேலை அது. அதனால்தான் அங்கேயே நின்றேன்.

நான் பிரவீனா, கோழி டாக்டர். நாமக்கல்லில் ஒரு தீவனக் கம்பெனி லேபில் வேலை. பண்ணைகளிலிருந்து செத்த கோழிகளைக் கொண்டு வருவார்கள். அறுத்துப் பார்த்து எதனால் செத்தது என்று சொல்ல வேண்டும். வீடு புதுச்சத்திரத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால் என் சொந்தச் சம்பாத்தியத்தில் இந்தக் காரை வாங்கினேன். 2009 மாடல், சிவப்பு, இரண்டு கதவு, இரண்டே சீட்டு. ஸ்போர்ட்ஸ் கார். கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படி ஒன்றை ஓட்டவேண்டும் என்று ஆசை, ஓட்டினேன், அவ்வளவுதான். இதற்கு யாருக்கும் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வீட்டில் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று இருக்கிறது. அதில் எப்போதும் ஒன்பது பேர் போவார்கள். காதுகுத்தோ கல்யாணமோ, கடைசி சீட்டில் முட்டியை மடக்கிக்கொண்டு, மடியில் பலகாரத் தூக்கோடு உட்கார்வது மருமகள். லேபில் இருந்தால் பண்ணைக்காரர்கள், வீட்டில் இருந்தால் ஒறம்பரை என்று வந்து நிற்கும் சொந்தக்காரர்கள். என் காரில் இன்னொரு ஆளை நெருக்கி உட்காரவைக்க முடியாது. காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம். யாரும் என்னிடம் எதையும் கேட்காத நாற்பது நிமிடம் ஒரு நாளில் எனக்கு அது மட்டும்தான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பங்குனியில் என் முதுகு பிடித்துக்கொண்டது. லேபில் ஒரு கூடையைத் தூக்கினேன், தூக்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், இரண்டு மாதம் படுக்கச் சொன்னார் சேலத்து டாக்டர். என்ன வண்டி ஓட்டுகிறேன் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தமிழரசு முந்திக்கொண்டு சொன்னார். "அதை விட்டுடுங்க. ஓட்டித்தான் ஆகணும்னா குலுங்காத மாதிரி பண்ணிட்டு ஓட்டுங்க" என்றார் டாக்டர். அதில் முதல் பாதி மட்டும்தான் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது.

வீடு வந்து சேர்வதற்குள் வண்டியை வாங்க ஆளையே பிடித்துவிட்டார். அவருடைய சிநேகிதர் சண்முகவேலுக்கு அந்தக் காரின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

"ஆனி கடைசிலதான் அவனுக்குப் பணம் வருதாமா. ஆடி மாசத்துல வண்டி எடுக்க மாட்டேங்கறான். ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நல்ல நாளு, அன்னிக்கு எடுத்துக்கறானாமா" என்றார்.

"நான் விக்கறேன்னு எப்பங்க சொன்னேன்?"

"உன்ற முதுகுக்குத்தான் சொல்றேன் அம்மிணி. எனக்கா வேண்டிக் கெடக்குது?"

இரண்டு நாள் சண்டை போட்டோம். கடைசியில் நானேதான் வாயைக் கொடுத்தேன். ஆடிப் பதினெட்டு வரைக்கும் டயம். அதற்குள் வலியில்லாமல் ஓட்டினால் வண்டி என்னுடையது. முடியவில்லை என்றால் சண்முகவேல் எடுத்துக்கொண்டு போகட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மாமாவை, அதாவது என் மாமனாரை, சாட்சியாக வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

கையில் முப்பதாயிரம் இருந்தது. இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு, அதற்கு மேல் புரட்ட முடியாது. கோயம்புத்தூரில் ஷாக் அப்சார்பருக்கு மட்டும் ஒரு விலை சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு என் முதுகுக்கு ஆபரேஷனே செய்துகொள்ளலாம்.

கண்ணுசாமி லாரிக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிறவர். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் அவருக்கே கோபம் வந்திருந்தது.

"டாக்டரம்மா, இந்த வண்டிய எவனோ நல்லாக் கெடுத்து வெச்சிருக்கறானுங்க. கம்பெனி ஸ்பிரிங்கக் கழட்டிப்போட்டுக் குட்டையா ஒண்ணப் போட்டிருக்கறான். ரிம்மு பெருசு, டயரு ஒசரமில்லாத பட்டை. ரோட்டுக்கும் உங்க முதுகுக்கும் நடுவுல ரெண்டு வெரல் ஒசர ரப்பருதாங்க இருக்குது. மூட்டுல இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் செத்துப்போச்சு. ஷாக்கு நல்லாத்தான் இருக்குது, அதுல கை வெக்க வேண்டாம். வித்தவரைக் கேளுங்க, பழைய ஸ்பிரிங்கு, பழைய ரிம்மு எங்கியாச்சும் கெடக்கும்."

விற்றவர் கௌதமன், சேலம் சூரமங்கலத்தில் ஜவுளி வியாபாரம். போன் போட்டேன்.

"குடோன் பரண் மேலதான் கிடக்குது மேடம். எடத்தை அடைக்குதுன்னு வீட்ல திட்டறாங்க, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"ஏனுங்க மாத்துனீங்க?"

"லுக்குக்குத்தான் மேடம். இறக்கிப்போட்டா கெத்தா இருக்கும்ல?"

வாயில் நல்லா வந்தது. மூன்று வருடம் அவருடைய கெத்தை என் முதுகில் சுமந்திருக்கிறேன்! ஆனால் பொருள் கைக்கு வரவேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு போய் எடுத்துவந்தேன். சின்ன ரிம் நாலு, ஒரிஜினல் ஸ்பிரிங் நாலு. காசு வாங்கவில்லை, காபிகூடக் கொடுத்தார். நான் வாங்க வேண்டியிருந்தது உயரமான டயர் நாலும் புஷ் ஒரு செட்டும்தான். லாரி சீட்டு தைக்கிறவரிடம் சொல்லி என் சீட்டிலும் கொஞ்சம் ரப்பர் ஃபோம் வைத்துக் கொடுத்தார் கண்ணுசாமி. முப்பதாயிரத்தில் மிச்சம்கூட இருந்தது.

வேலை முடிந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், என் சிவப்பு வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் மஞ்சள் பெயிண்டில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கிறது: காத்து 30.

"என்னங்க இது? யாரைக் கேட்டு எழுதுனீங்க?" என்று கத்தினேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லாரில பாத்ததில்லீங்களா? டயருக்கு டயரு எழுதியிருக்கும். கண்டவன் கண்டபடி காத்து அடிக்கக் கூடாதில்லீங்க? இந்த டயருக்கு முப்பதுதான். அதுக்கு மேல அடிச்சா டயரு கல்லாட்டமாயிரும், அத்தனை அடியும் உங்க முதுகுக்குத்தான் போகும். நீங்க பண்ணது பூரா வீணு."

"இது லாரியா?"

"காத்து காத்துதானுங்களே. ஓட்டிட்டு ஊட்டுக்குப் போங்க. பிடிக்கலீன்னா நாளைக்கு வாங்க, தின்னர் போட்டு அழிச்சுத் தாரேன்."

எரிச்சலோடுதான் கிளம்பினேன். எங்கள் ஊர் சர்வீஸ் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. மூன்று வருடமாக அதைப் பார்த்தாலே சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொள்வேன். அன்றைக்கும் எழும்பினேன். வண்டி ஏறியது, இறங்கியது. ஒன்றும் இல்லை! திரும்பிப் போய் இன்னொரு தரம் ஏற்றி இறக்கினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அழுகை வந்துவிட்டது. மஞ்சள் எழுத்தை அழிக்கவேண்டும் என்ற நினைப்பே அதற்கப்புறம் வரவில்லை.

எட்டு நாள் ராணி மாதிரி வேலைக்குப் போய்வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவினார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என் பொருள் ஒன்றை அவர் கழுவியது அதுதான் முதல் தடவை. "நீ குனிஞ்சு நிமுறாத அம்மிணி. வாரத்துக்கு ஒருக்கா நானே கழுவி, காத்துப் புடிச்சிட்டு வந்தர்றேன்" என்றார். எனக்கு மனசு உருகிப்போய்விட்டது. சண்டை போட்டாலும் மனுஷனுக்கு நம் மேல் அக்கறை இருக்கிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

அடுத்த வாரம் வலி திரும்பியது. முதலில் லேசாக. அதற்கடுத்த வாரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்க வேண்டியிருந்தது. ஆனி முடிவதற்குள் பழைய கதைதான். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் வந்து தரையில் குப்புறப் படுப்பேன். அவர் தைலம் தேய்த்துவிடுவார். மெத்தென்ற கை அவருக்கு. வலி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லாமலே அந்த இடத்தில் விரல் போகும்.

"போதும் அம்மிணி. வித்தரலாம்" என்பார் தேய்த்துக்கொண்டே. "எத்தனை நாளைக்கு இப்பிடிக் கஷ்டப்படுவ?"

நான் தலையணையில் முகத்தை வைத்து அழுவேன். வண்டியில் மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றியாயிற்று, மாறாதது என் முதுகுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். முப்பத்தாறு வயதில் இனி இவ்வளவுதான் நான் என்று நினைத்தேன். தினமும் கோழியை அறுத்துக் காரணம் கண்டுபிடிக்கிறவள், என் வண்டியில் காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆடி பிறந்தது. பதினெட்டுக்கு ஐந்து நாள் இருக்கையில் கண்ணுசாமியிடம் போனேன். ரிப்பேருக்கு இல்லை. வண்டியைக் கொடுக்கப் போகிறோம், மஞ்சள் எழுத்தை அழித்துத் தாருங்கள் என்று கேட்கப் போனேன்.

அவர் தின்னர் டப்பாவை எடுத்தவர் அப்படியே நின்றார். "டாக்டரம்மா, ஏன் வண்டி பின்னாடி குத்த வெச்ச மாதிரி உக்காந்திருக்குது?"

டிக்கியைத் திறந்தார். நான் அதைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குனிய முடியாதவள் அங்கே எதை வைக்கப் போகிறேன்? விரிப்பைத் தூக்கினார். அடியில் ஆறு தீவனப் பை, வாய் தைத்து, வரிசையாக அடுக்கியிருந்தது. ஒன்றைக் கீறினார். மணல்.

அப்புறம் கேஜை எடுத்துவந்து டயரில் வைத்தார். நாற்பத்தெட்டு. அடுத்த டயர், நாற்பத்தெட்டு. நாலும் நாற்பத்தெட்டு.

"எந்தப் புண்ணியவானுங்க இப்பிடிக் காத்து அடிச்சது? கண்ணு முன்னாடி கொட்டையெழுத்துல எழுதி வெச்சிருக்கறனே!"

காற்றை இறக்கப் போனவரைத் தடுத்தேன். "வேண்டாமுங்க. அப்பிடியே இருக்கட்டும். எழுத்தையும் அழிக்க வேண்டாம்."

மணலோடும் நாற்பத்தெட்டோடும் வீட்டுக்கு வந்தேன். மாமா மயில்சாமி கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் லாரி ஓட்டியவர்.

"மாமா, என்ற வண்டில மணல் யார் போட்டதுங்க?"

"நாந்தான் போட்டேன் சாமி" என்றார், மறைக்க ஒன்றும் இல்லாத முகத்தோடு. "எம்டி வண்டி குதிக்கும். லோடு ஏத்திப் பாரு, தொட்டிலாட்டம் போகும். உனக்கு மறுக்கா வலிக்குதுன்னு தமிழரசு சொன்னான். மனசு கேக்கல. ஒரு பொட்டுக் கல்லு இல்லாமச் சலிச்சுத்தான் போட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"சொன்னா நீ வேண்டாம்பியே."

அவரைத் திட்டவா, கட்டிப்பிடித்து அழவா என்று தெரியவில்லை. எழுபத்தொரு வயதில் சல்லடை பிடித்து மணல் சலித்திருக்கிறார். "இது லாரி இல்லீங்க மாமா. இதுல ஏத்துனா ஸ்பிரிங்கு உக்காந்து இன்னும் வலிக்கும்" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"காத்து? அதுவும் நீங்கதானுங்களா?"

"அட, காத்துல நான் எதுக்கு சாமி கை வெக்கறேன்? அதுதான் டயருக்கு மேலயே எழுதியிருக்குதே. லாரிக்காரன் எவனாச்சும் அதை மீறி அடிப்பானா? காத்து தமிழரசுதானே ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை புடிச்சிட்டு வாரான்."

மாமா இன்னும் ஏதோ சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மணலை இறக்க வந்த மாமாவையும் ஞாயிறு போகட்டும் என்று நிறுத்திவிட்டேன். சாயங்காலம் தைலத்தோடு வந்தவரிடம் தூக்கம் வருகிறது என்றேன். ஞாயிறு காலை வண்டியைக் கழுவிவிட்டு, காற்றுப் பிடிக்கச் சாவி கேட்டார்.

"நானும் வாரேனுங்க. நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தார். என் வண்டியில் அவர் உட்கார்வது அது மூன்றாவதோ நாலாவதோ தடவை. சர்வீஸ் ரோட்டில் விட்டேன். முதல் ஸ்பீடு பிரேக்கரில் அவர் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் "ஐயோ" என்றார். எனக்கும் வலித்தது, சுருக்கென்று கால் வரைக்கும் இறங்கியது. ஆனால் வண்டியை நிறுத்தவில்லை. கடைவீதிப் பள்ளத்தில் இறக்கினேன்.

"மெதுவாப் போ பிரவீனா!"

"மெதுவாத்தானுங்க போறேன். இருபதுதான். என்னுங்க, வலிக்குதுங்களா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். திரும்பிவந்து அதே இரண்டு ஸ்பீடு பிரேக்கரில் இன்னொரு தரம் ஏற்றி இறக்கிவிட்டு, பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தினேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் அவரைப் பார்த்ததும், "வழக்கம்போல நாப்பத்தெட்டுங்களா?" என்று குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் எஞ்சினை அணைத்தேன்.

"டயரு தேயாம இருக்கட்டும்னு..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"லாரிக்காரர் பையன் நீங்க. நடை பழகறப்பவே டயருக்கு மேல இருக்கறதப் படிச்சவரு. பொய் சொல்லாதீங்க."

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். "ஊருக்குள்ள பேசறாங்க. உன்ற பொண்டாட்டி எங்க தனியாப் பறக்கறான்னு கேக்கறாங்க. ஊட்டுல அத்தாம் பெரிய வண்டி நிக்குது, நீ அதுல ஏற மாட்டீங்கற. உனக்குன்னு தனியா ஒண்ணு. இது போயிருச்சுன்னா எல்லாஞ் சரியாயிரும்னு நெனச்சேன். நீயா வேண்டாம்னு சொல்லணும்னு நெனச்சேன்."

"எனக்கு வலிக்கும்னு தெரியுமா தெரியாதா?"

"இவ்வளவு வலிக்கும்னு தெரியாது."

இவ்வளவு! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அப்படியென்றால் எவ்வளவு வலிக்கலாம் என்று ஒரு அளவு வைத்திருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டு பிடிப்பது, திங்கட்கிழமை தைலத்தை எடுத்துக்கொண்டு வருவது. ஆறு வாரம்.

"இறங்குங்க" என்றேன்.

இறங்கினார். பெரியவரிடமிருந்து கேஜை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். "உக்காந்து காத்தை இறக்குங்க."

"பிரவீனா, ஆளுக பாக்கறாங்க..."

"பாக்கட்டும். உக்காருங்க."

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயருக்கு முன்னால் குத்தவைத்தார். மஞ்சள் எழுத்து அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"மேல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க."

"முப்பது."

"இறக்குங்க."

காற்று சீறிக்கொண்டு போனது. அடுத்த டயருக்குப் போனார். படிக்கச் சொன்னேன். படித்தார். நாலு டயருக்கும் நாலு தரம் படிக்க வைத்தேன். பங்கில் டீசல் போட நின்றிருந்த லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி டயரில் குரல் எழும்பவில்லை. கேட்கவில்லை, சத்தமாகப் படியுங்கள் என்றேன். படித்தார். அதற்கப்புறம் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அரை மணிக்கு ஒரு டவுன் பஸ் இருக்கிறது.

மணல் பைகளை மாமாவே இறக்கிப்போட்டார். பங்கில் நடந்ததை அவரிடம் சொன்னேன். மகன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை சண்முகவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மாலை ஒன்றும் நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க அண்ணா" என்றேன்.

"தமிழரசு சொன்னானே? உங்களுக்கு முதுகு..."

"முதுகு நல்லா இருக்குதுங்க. மாலைய எடுத்துட்டுப் போங்க. பழத்தை மட்டும் வேணும்னாக் குடுத்துட்டுப் போங்க, ஜூஸு போட்டுக்கறோம்."

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம், எங்கேயும் ஒரு சுருக்குக் கிடையாது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தேன். அவர் தைல பாட்டிலோடு வந்தார். பழக்கதோஷமா, சமாதானமா, தெரியவில்லை.

"தேச்சுடட்டுமா அம்மிணி?"

"முதுகு வலிக்கலீங்க."

"அப்புறம் ஏன் அழுகற?"

அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கையைப் பார்த்தேன். ஆறு வாரம் சாயங்காலமானால் அந்தக் கைக்காகத்தான் தரையில் காத்துக் கிடந்தேன்.

"அந்தக் கைய நம்பித்தானுங்க குப்புறப் படுத்துக் கெடந்தேன்" என்றேன்.

பாட்டிலை வாங்கி மூடி அலமாரியில் வைத்தேன். புதிதாக வாங்கிய கேஜை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வண்டிக்குப் பக்கத்தில் மெதுவாக முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தேன். நாலிலும் முப்பதுதான் இருந்தது. நாளைக் காலையிலும் கிளம்புவதற்கு முன்னால் பார்ப்பேன்.